மண் பொறியியலில் ஆராய்ச்சிக்கும் களத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது?

கேள்வி இது: "சிவில் முடித்துவிட்டேன். புவித்தொழில்நுட்பத்தில் முதுகலை செய்ய நினைக்கிறேன். ஆய்விதழ்களைத் திறந்தால் பாக்டீரியாவை வைத்து மணலைக் கல்லாக்குகிறார்கள், இயந்திரக் கற்றலை வைத்து மண்ணின் வலிமையைக் கணிக்கிறார்கள். களத்திலோ இன்னும் சுத்தியலைத் தூக்கிப் போட்டு அடிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆராய்ச்சியெல்லாம் யாருக்காவது பயன்படுகிறதா? புவிச்சூழல் பொறியியல் தனித் துறையா, இதிலேயே ஒரு பிரிவா?"

பயன்படுகிறது. ஆனால் ஆய்வகத்தில் கிடைத்த ஒரு விடை களத்துக்கு வந்து சேருமா என்பது பெரும்பாலும் ஒரே விஷயத்தைப் பொறுத்திருக்கிறது. கையில் அடங்கும் ஒரு மாதிரியில் கண்டது, ஏக்கர் கணக்கில் விரிந்து பல மீட்டர் ஆழம் போகும் நிலத்துக்குப் பொருந்துமா? இந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்ட ஆராய்ச்சிகள் களத்தையே மாற்றியிருக்கின்றன. கேட்காமல் விட்டவை எத்தனை மேற்கோள் பெற்றாலும் இதழ்களிலேயே தங்கிவிட்டன. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன், சுருக்கமாக. பொறியாளர் கார்ல் டெர்சாகி 1925-ல் வியன்னாவில் வெளியிட்ட நூலோடு நவீன மண் இயக்கவியல் தொடங்கியது என்று சொல்வது வழக்கம். அவர் கொடுத்த பெரிய கருத்து எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ். மண்ணின் மேல் வரும் மொத்தத் தகைவில், துகள்களுக்கு இடையே நிற்கும் துளைநீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவது எதுவோ, அதுதான் மண்ணின் வலிமையையும் அமுக்கத்தையும் ஆள்கிறது. மழைக்குப் பின் சரிவு இடிவது, ஈரக் களிமண்மேல் கட்டிய கட்டடம் பல ஆண்டுகளாக மெதுவாக இறங்குவது, நிலநடுக்கத்தில் மணல் குழம்பாவது எல்லாமே இந்த ஒரு கழித்தலின் வெவ்வேறு முகங்கள். இந்தக் கருத்தில் இன்று யாருக்கும் சண்டையில்லை. சிக்கல், கழிக்க வேண்டிய அந்த நீரழுத்தம் எந்த இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான்.

டிரான்ஸ்கோனா தானியக் களஞ்சியத்தின் கதையை இந்தத் துறைக்கு வரும் எல்லோரும் படிக்க வேண்டும். கனடாவின் வின்னிபெக் அருகே 1913-ல் கட்டி முடித்த பெரிய கான்கிரீட் களஞ்சியம் அது. முதன்முறையாகத் தானியம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, அந்த ஆண்டு அக்டோபரில், ஒரே நாளில் ஏறத்தாழ 27 பாகை சாய்ந்துவிட்டது. கான்கிரீட்டில் பெரிய சேதம் இல்லை, தோற்றது அடியில் இருந்த மண். அவர்கள் சோதனை செய்யாமல் கட்டவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அஸ்திவாரக் குழியில் நிலத்தின் தாங்குதிறனைச் சோதித்தார்கள், நல்ல விடை கிடைத்தது. சோதனை செய்த பரப்பு சிறியது. சிறிய பரப்பின் மேல் வைக்கும் சுமை அதன் அகலத்தைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம் வரைதான் மண்ணில் உறைக்கும். களஞ்சியத்தின் அடித்தளமோ முழுக் கட்டடத்தின் அகலம். அதன் சுமை மேலிருந்த கெட்டியான களிமண்ணைத் தாண்டி, கீழே பாறைக்கு மேல் கிடந்த இளகிய களிமண்வரை போனது. அந்த இளகிய அடுக்கைச் சோதனை தொடவே இல்லை. பிறகு பாறைவரை தூண்களை இறக்கி, கட்டடத்தையே நிமிர்த்திப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையும் அன்றைய பொறியியலில் ஒரு சாதனைதான்.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க மண் பொறியாளர் ரால்ஃப் பெக்கும் அவருடைய சக ஆய்வாளரும் அந்த இடத்தில் துளையிட்டு மண்ணை எடுத்துச் சோதித்தார்கள். அதற்குள் உருவாகியிருந்த தாங்குதிறன் கோட்பாட்டில் அந்த எண்களைப் போட்டதும், களஞ்சியம் விழுந்த சுமைக்கு நெருக்கமான விடை வந்தது. அந்தக் கோட்பாட்டை முழு அளவில் உரசிப் பார்க்க இப்படி ஒரு விழுந்த கட்டடம் தேவைப்பட்டது. இந்தத் துறையில் ஆராய்ச்சியும் களமும் சந்தித்துக்கொண்ட விதம் பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, புவிச்சூழல் பக்கம், அதாவது கழிவும் மாசும் மண்ணோடு சேரும் சிக்கல்களின் பக்கம் வருவோம். அங்கேயும் இதே கதைதான், சற்று வேறு உருவத்தில்.

அமெரிக்காவின் லவ் கெனால் பகுதியில், புதைத்து மறந்துபோன ரசாயனக் கழிவு வீடுகளுக்குள் கசிந்தது 1978-ல் பெரிய செய்தியானது. 1980-ல், மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்வதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது. கழிவை எங்கே, எதன்மேல் கொட்டுவது என்பது மண் பொறியாளர்களின் வேலையாக மாறியது. கழிவின் அடியில் இறுக்கிய களிமண் அடுக்கு ஒன்று வேண்டும், அதன் நீர் கசிவுத்திறன் வினாடிக்கு 1×10⁻⁷ செ.மீ.-க்கு மிகக் கூடாது என்ற அளவுகோல் பரவலாக நடைமுறைக்கு வந்தது. ஆய்வகத்தில் இதை எட்டுவது சுலபம். நல்ல களிமண்ணை எடுத்து, கட்டிகளை உடைத்து, சிறிய உருளை அச்சில் இறுக்கி, நீரைச் செலுத்தி அளந்தால் எண் கச்சிதமாக வரும்.

டேவிட் டேனியல் 1984-ல் வெளியிட்ட ஆய்வு, கட்டி முடித்துப் பயன்பாட்டில் இருந்த களிமண் அடுக்குகளின் உண்மையான கசிவை எடுத்துப் பார்த்தது. ஆய்வக எண்ணைவிடக் களத்து எண் பொதுவாக 10 மடங்கிலிருந்து 1000 மடங்குவரை கூடுதல். காரணங்கள் எல்லாமே அளவைச் சார்ந்தவை. களத்தில் களிமண் பெரிய கட்டிகளாக வருகிறது. உருளை ஓடினாலும் கட்டிக்கும் கட்டிக்கும் நடுவே இடைவெளி மிஞ்சுகிறது. ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே ஒட்டாமல் போகிறது. வெயில் பட்டால் வெடிப்பு விழுகிறது. நீர் அந்த வெடிப்புகள் வழியாகத்தான் ஓடுகிறது, இறுகிய களிமண்ணுக்குள் புக வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. உள்ளங்கை அகலமுள்ள மாதிரியில் அந்த வெடிப்பு அகப்பட வாய்ப்பும் குறைவு.

இந்த ஒரு முடிவு களத்தில் பல பழக்கங்களை மாற்றியது. கட்டிகள் உருக்குலைந்து ஒன்றாகும்படி, உகந்த ஈரப்பதத்தைவிடச் சற்றுக் கூடுதல் ஈரத்தில் கனமான ஆட்டுக்கால் உருளையால் இறுக்கச் சொன்னார்கள். முழு வேலைக்கு முன்னால் ஒரு சோதனைத் திண்டு கட்டி, பெரிய வளையம் பதித்துக் களத்திலேயே கசிவை அளக்கச் சொன்னார்கள். களிமண்ணை மட்டும் நம்பாமல் அதன்மேல் எச்டிபிஇ என்ற கெட்டியான பிளாஸ்டிக் தாளை விரிக்கும் கூட்டு அடுக்கு நிலைபெற்றது. தாளில் ஓட்டை விழுந்தாலும் அடியிலிருக்கும் களிமண் கசிவைத் தடுக்கிறது, களிமண்ணில் வெடிப்பு இருந்தாலும் மேலிருக்கும் தாள் அதை மூடுகிறது. ஓர் ஆராய்ச்சி எப்படிக் களத்துக்கு வருகிறது என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

ஆனால் அந்தக் கூட்டு அடுக்கு இன்னொரு வாசலைத் திறந்துவிட்டது. 1988 மார்ச் 19-ல் கலிபோர்னியாவின் கெட்டில்மேன் ஹில்ஸ் அபாயக் கழிவுக் கிடங்கில், 27 மீட்டர் உயரத்துக்கு நிரப்பியிருந்த கழிவு மொத்தமும் பக்கவாட்டில் நகர்ந்தது. சில இடங்களில் 10 மீட்டருக்கும் மேல். கழிவு உடையவில்லை, அடியிலிருந்த நிலமும் உடையவில்லை. கசிவைத் தடுக்கப் போட்ட வழவழப்பான தாளுக்கும் ஈரமான களிமண்ணுக்கும் இடையே, அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வழுக்கிவிட்டன. பிறகு சோதித்தபோது அந்தப் பரப்புகளில் வழுக்கலை எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் உராய்வுக் கோணம் 8 பாகை அளவுக்குத் தாழ்ந்திருந்தது தெரிந்தது. சாதாரண மணலில் அது 30 பாகைக்கு மேல் இருக்கும். அன்றுமுதல் சொரசொரப்பான தாள்களின் பயன்பாடு பெருகியது. களத்தில் போடப்போகும் அதே தாளையும் அதே மண்ணையும் வைத்துப் பெரிய பெட்டியில் வெட்டுச் சோதனை செய்வதும் வழக்கமானது.

இப்போது யோசித்துப் பாருங்கள், கெட்டில்மேன் ஹில்ஸ் எந்தத் துறையின் பிரச்சினை? கசிவைத் தடுக்கும் நோக்கம் சுற்றுச்சூழலுடையது, சரிந்த விதம் அப்பட்டமான சரிவு நிலைப்புச் சிக்கல். 1997-ல் கொலம்பியாவில் பொகோட்டாவின் டோனியா ஹுவானா கிடங்கில் ஏறத்தாழ 8 லட்சம் கன மீட்டர் குப்பை சரிந்தது. அங்கே கழிவுநீரைத் திரும்பக் குப்பைக்குள்ளேயே செலுத்தியதால் உள்ளே நீரழுத்தம் ஏறியிருந்தது. 2000 ஜூலையில் பிலிப்பைன்ஸின் பயாட்டாஸ் குப்பைமேடு கனமழைக்குப் பின் சரிந்து இருநூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். இரண்டிலும் டெர்சாகியின் கழித்தல் கணக்குதான் நடந்தது, மண்ணுக்குப் பதில் குப்பை. ஆகவே புவிச்சூழல் பொறியியல் தனித் துறை அல்ல என்பது என் கருத்து. மண் இயக்கவியலோடு வேதியியலும் மிக நீண்ட காலமும் சேர்ந்த படிப்பு அது.

காலம் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கசிவே இல்லாவிட்டாலும் மாசு நகரும். செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு அயனிகள் களிமண் வழியே மெதுவாகப் பரவிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டடத்துக்கு 50, 100 ஆண்டு ஆயுளைக் கணக்கிடுகிறோம். கழிவுக் கிடங்கின் அடுக்கு எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும்? இந்தத் துறையின் புகழ்பெற்ற ரேங்கின் சொற்பொழிவு வரிசையில் ஆய்வாளர் கெர்ரி ரோவ் 2005-ல் ஆற்றிய உரை முழுக்க இதைப் பற்றியதுதான். தாளில் விழும் சுருக்கங்கள், அவற்றில் அமையும் ஓட்டைகள், வெப்பம் கூடக்கூடத் தாளின் ஆயுள் குறைவது எல்லாம் அதில் வரும். 20 டிகிரியில் நூற்றாண்டுகள் நிற்கக்கூடிய ஒரு தாள், குப்பை அழுகிச் சூடேறி 60 டிகிரியை எட்டினால் சில பத்தாண்டுகளில் சிதையலாம். நீர் பட்டால் ஊதும் சோடியம் பென்டோனைட் களிமண்ணை உள்ளே வைத்த ஜிசிஎல் விரிப்பிலும் இப்படி ஒரு சங்கதி உண்டு. சுற்றியுள்ள நீரிலிருந்து கால்சியம் ஏறி சோடியத்தை வெளியேற்றிவிட்டால் அது முன்போல் ஊதாது. இடையில் அது உலர்ந்தும் போனால் விழுந்த வெடிப்பு மூடுவதில்லை. ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றிச் சோதித்தவருக்கு இது கண்ணில் படவே படாது.

அடுத்து மென்பொருள். உங்கள் தலைமுறைக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

2004 ஏப்ரல் 20-ல் சிங்கப்பூரின் நிக்கல் நெடுஞ்சாலை அருகே சுரங்க ரயில் பாதைக்காகத் தோண்டிய குழி இடிந்து 4 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம், இளகிய கடல் களிமண். விசாரணைக் குழு பல காரணங்களைச் சொன்னது. தாங்கு கம்பங்களும் அவற்றைத் தாங்கிய நீளவாக்கு உத்திரங்களும் சேரும் இடம் பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்தது அவற்றில் ஒன்று. இன்னொன்று, நிலத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளில் களிமண்ணின் வலிமையை உள்ளிட்ட முறை. அதை மெத்தட் ஏ என்பார்கள். மண்ணின் எஃபெக்டிவ் வலிமை எண்களைக் கொடுத்துவிட்டு, நீர் வடியாத நிலையில் எவ்வளவு தாங்கும் என்பதை மோர்-கூலோம் என்ற எளிய கணித மாதிரியையே கணக்கிட விடுவது. இளகிய களிமண்ணை நீர் வடியாமல் வெட்டினால் துளைநீர் அழுத்தம் ஏறும், எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் குறையும், வலிமையும் குறையும். அந்த எளிய மாதிரியில் இந்தக் குறைவு வருவதே இல்லை, சராசரி எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் மாறாமலே இருக்கும். விளைவு, களிமண் உண்மையைவிட வலிமையாகவும், சுவர் வளைவது உண்மையைவிடக் குறைவாகவும் திரையில் தெரிந்தது.

இளகிய களிமண் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது அன்றைக்குப் புதிய அறிவே இல்லை. கேம்பிரிட்ஜில் ராஸ்கோ, ஸ்கோஃபீல்ட், ராத் மூவரும் 1958-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த கிரிட்டிக்கல் ஸ்டேட் கோட்பாட்டில் அது தெளிவாக இருக்கிறது. ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம் கணக்குப் போட்டவர் மேசைக்கு வந்து சேரவில்லை. அதைவிடக் கனமான விஷயம், சுவரின் நகர்வை அளந்த கருவிகள் எதிர்பார்த்த எல்லையைத் தாண்டியிருந்தன. பழைய கணக்கை எண்கள் பொருந்தும்படி திருத்தி, புதிய எல்லையை வகுத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். ரால்ஃப் பெக் 1969-ல் வகுத்துச் சொன்ன கண்காணிப்பு முறையில், அளவு மீறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. கருவி வைத்து அளப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த நிபந்தனையை விட்டுவிட்டால் அது கண்காணிப்பு முறையே ஆகாது.

கண்காணிப்புக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 2019 ஜனவரி 25-ல் பிரேசிலின் புருமாடின்யோவில் இரும்புத்தாதுக் கழிவை அடைத்திருந்த அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அந்த அணைக்குக் கண்காணிப்பு இருந்தது. உடைவதற்கு முன் வெளிப்படையான அறிகுறி எதுவும் தெரியவில்லை என்றுதான் நிபுணர் குழு முடிவு சொன்னது. தளர்வாகப் படிந்து நீரில் ஊறிய கழிவு, ஓரளவுவரை தாங்கிவிட்டுச் சட்டென்று வலிமையை இழக்கும். அது மெதுவாக நகர்ந்து எச்சரிக்கை கொடுக்கும் வகை மண் அல்ல. இத்தகைய மண்ணில் அளந்துகொண்டே போகலாம் என்ற நினைப்பு ஆபத்து. வலிமை இழந்த பிறகும் நிற்குமா என்று வடிவமைக்கும்போதே கேட்க வேண்டும். தாதுக் கழிவு அணைகளில் இன்று நடக்கும் ஆராய்ச்சியில் இந்தத் திடீர் குழம்பாதலைப் பற்றியதுதான் மிக அவசரமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி ஆய்வுக் கட்டுரையை எப்படி எடைபோடுவது? வில்லியம் லாம்ப் 1973-ல் ஒரு நல்ல வகைப்பாடு கொடுத்தார். நிகழ்வதற்கு முன்பே சொன்ன கணிப்பு ஏ வகை. நடந்துகொண்டிருக்கும்போது சொன்னது பி. முடிந்த பிறகு சொன்னது சி. விடை தெரிந்த பிறகு கணக்கிட்டு, கோடும் புள்ளியும் அழகாகப் பொருந்துகிறது என்று காட்டும் கட்டுரைகள் ஏராளம். அவற்றைப் பார்க்கும்போது எத்தனை எண்களை இழுத்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பாலினாவில் இளகிய களிமண்மேல் ஒரு சோதனைக் கரையைக் கட்டி, மண் சோதனை விவரங்கள் அனைத்தையும் பொதுவில் கொடுத்து, கரை எவ்வளவு இறங்கும் என்று கணிக்கச் சொன்னார்கள். 2016-ல் அவற்றை ஒப்பிட்டார்கள். ஒரே தரவு, தேர்ந்த நிபுணர்கள், ஆனாலும் கணிப்புகள் பரவலாகச் சிதறிக் கிடந்தன. இப்படி வெளிப்படையாகத் தரவு கொடுக்கும் களச் சோதனைகளை நான் மண்ணுக்கான நூறு புதிய கணித மாதிரிகளைவிட உயர்வாக மதிக்கிறேன்.

இயந்திரக் கற்றல் கட்டுரைகளுக்கும் இதே உரைகல்தான். ஒரே இடத்தின் தரவைப் பிரித்து, பாதியில் கற்று மீதியில் சோதித்துவிட்டு, மிகத் துல்லியம் என்பார்கள். வேறு ஒரு நிலத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகிறது என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத கட்டுரையைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

பாக்டீரியா முறையில் எனக்கு மதிப்பு உண்டு. யூரியாவைச் சிதைக்கும் நுண்ணுயிர் கால்சியம் கார்பனேட்டைப் படியவைத்து மணல் துகள்களை ஒட்டுகிறது. வேதியியல் உறுதியானது. நெதர்லாந்தில் 100 கன மீட்டர் மணலில் செய்து பார்த்தார்கள், மணல் கல்லானது. ஆனால் வலிமை இடத்துக்கு இடம் பல மடங்கு வேறுபட்டது. திரவம் எந்த வழியில் ஓடியதோ அந்த வழியில்தான் கல் உருவானது. பக்க விளைவாக வரும் அமோனியத்தை அகற்ற வேண்டும். துளைகள் மிக நுண்ணிய களிமண்ணுக்குள் பாக்டீரியாவால் நுழையவே முடியாது. ஆகவே இந்தத் தலைப்பில் ஆய்வு செய்வதானால், குழாய் மாதிரியில் இன்னொரு வலிமை எண்ணைச் சேர்ப்பதைவிடச் சீராகப் பரப்புவதும் அமோனியத்தைக் கையாள்வதும்தான் தேவை.

இன்னோர் உதாரணம், நம்பிக்கை தருவது. 1980-களில் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில், நிலத்தடி நீர் மாதிரி எடுக்கும் கருவிகள் மாதிரியைப் பாதிக்கின்றனவா என்று சோதித்தபோது, சில உலோகங்களோடு வைத்த நீரில் குளோரின் கலந்த கரைப்பான்களின் செறிவு குறைந்துகொண்டே போனது. அதைப் பிழை என்று ஒதுக்காமல் பின்தொடர்ந்தார்கள். 1991-ல் ஒன்டாரியோவின் போர்டன் களத்தில், மாசு நகரும் பாதைக்குக் குறுக்கே இரும்புத் துகளும் மணலும் கலந்த சுவர் ஒன்றை நிலத்துக்குள் அமைத்தார்கள். நிலத்தடி நீர் தன்போக்கில் அதன் வழியே போகும், கரைப்பான் சிதையும், பம்பு தேவையில்லை. சில ஆண்டுகளிலேயே இது வணிக ரீதியாக வந்துவிட்டது. முதலிலேயே களத்தில் சோதித்ததுதான் காரணம் என்பேன்.

சுத்தியல் அடிக்கும் சோதனையைப் பற்றிக் கேட்டீர்கள். எஸ்பிடி எனப்படும் அந்தச் சோதனையில் 63.5 கிலோ எடையை 76 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி என்று எண்ணுகிறோம். முரட்டுச் சோதனைதான். அது நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் பின்னால் குவிந்திருக்கும் களப் பதிவுகள். 1964-ல் ஜப்பானின் நீகாட்டாவிலும் அலாஸ்காவிலும் நிலநடுக்கத்தில் மணல் குழம்பானதை ஆராய்ந்து, சீட், இட்ரிஸ் இருவரும் 1971-ல் கொடுத்த எளிய முறை வளர்ந்தது இந்த எண்ணிக்கையின் மேல்தான். ஆராய்ச்சி இந்தச் சோதனையைத் தொடாமலும் இல்லை. சுத்தியலின் வகையைப் பொறுத்துக் கம்பிக்குப் போய்ச் சேரும் ஆற்றல் மாறுவதால் ஒரே மண் இருவேறு எண் காட்டும் என்று அளந்து கண்டார்கள். 60 சதவீத ஆற்றலுக்குத் திருத்திய எண்ணைப் பயன்படுத்துவது அதிலிருந்து வந்தது. உங்கள் கைக்கு வரும் மண் அறிக்கையில் ஆற்றல் திருத்தம் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால் அந்த எண்ணை அப்படியே சூத்திரத்தில் போடாதீர்கள். இளகிய களிமண்ணில் எஸ்பிடி பெரிதாக எதையும் சொல்லாது. அங்கே கூம்பை மண்ணுக்குள் அழுத்தும் கூம்புச் சோதனையும், தகடுகளை மண்ணுக்குள் சுழற்றும் வேன் (vane) சோதனையும்தான் கை கொடுக்கும்.

முதுகலை எடுக்கலாமா என்றால், எடுங்கள். பாடங்களில் கிரிட்டிக்கல் ஸ்டேட் மண் இயக்கவியல், களிமண் கனிமங்கள், நிலத்தடி நீரில் மாசு நகர்வு, புள்ளியியல் நான்கையும் விடாதீர்கள். புவிச்சூழல் பக்கம் போவதாக இருந்தாலும் சரிவு நிலைப்பைப் படியுங்கள், அஸ்திவாரம் பக்கம் போவதாக இருந்தாலும் வேதியியலில் ஒரு பாடமாவது படியுங்கள். ஆய்வுக்கு வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவரிடம் களத் தரவு இருக்கிறதா, அதை மாணவர்களுக்குத் திறந்து கொடுப்பாரா என்று நேராகவே கேளுங்கள். அப்புறம், விடுமுறையில் ஏதாவது ஒரு துளையிடும் குழுவோடு சேர்ந்து போர்ஹோல் பதிவை நீங்களே எழுதிப் பாருங்கள். மாதிரிக் குழாயில் எவ்வளவு மண் ஏறியது, எந்த ஆழத்தில் நீர் தட்டியது, மறுநாள் காலையில் அந்த நீர்மட்டம் எங்கே நின்றது என்பதை உங்கள் கையாலேயே குறியுங்கள். ஆய்வகத்துக்கு வரும் மண் அதற்குள் எவ்வளவு கலைந்திருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.